பை சோதனை மேசை போடுவதற்கு முன்: புறநகர் ரயில் பயணிகளின் மனநிலையைக் கணித்து நடப்பது எப்படி

காலை நெரிசலில் புறநகர் ரயில் நிலையத்துக்குள் வருகிறவருக்கு வழி கால்களுக்கே மனப்பாடம். எந்தப் பெட்டி எந்தத் தூணுக்கு எதிரே நிற்கும், எந்தப் படியில் இறங்கினால் நாலு அடி மிச்சம் என்பதெல்லாம் யோசிக்காமலே நடக்கும். அந்தப் பாதையில் ஒரு நாள் திடீரென்று மேசை, சீருடை, மோப்ப நாய் எல்லாம் முளைத்தால் அவர் மனதில் இரண்டு கேள்விகள் ஒன்றாக எழும். ‘ஏதாவது நடந்துவிட்டதா?’ என்பது ஒன்று. ‘என் வண்டி போய்விடுமா?’ என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காதவர் பயப்படுகிறார். இரண்டாவதற்குப் பதில் கிடைக்காதவர் கோபப்படுகிறார். புகார்ப் புத்தகத்தில் விழும் பெரும்பாலான வரிகளை இந்த இரண்டில் ஒன்றோடு சேர்த்துவிடலாம். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: ‘சும்மா கண்துடைப்பு’ என்பது. அது பின்னால் வரும்.

நிலைய மேலாளர்கள், பாதுகாப்புப் பிரிவினர், பயணிகள் சங்கத்தார் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. எந்தக் கருவி குண்டைக் கண்டுபிடிக்கும் என்ற ஆராய்ச்சி இதில் இல்லை. கண்ணில் படும்படி ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை வைக்கும்போது பயணிகள் எப்படி நடந்துகொள்வார்கள், அதை எப்படி முன்கூட்டியே கணிப்பது, எங்கே தவறும் என்பதுதான் விஷயம்.

முதலில் தலைகளை எண்ணுங்கள்

பயணிகளின் மனநிலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் வரிசையின் கணக்கைப் போட்டுவிட வேண்டும். வரிசை நீண்டால் மற்ற எதையும் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் எடுபடாது.

ஒரு வாசலில் நிமிடத்துக்கு 60 பேர் வருகிறார்கள், சோதனை முனையோ நிமிடத்துக்கு 48 பேரைத்தான் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 12 பேர் தேங்குவார்கள். 20 நிமிடத்தில் 240 பேர். கடைசியில் நிற்பவரின் காத்திருப்பு 240ஐ 48ஆல் வகுத்தால் வருவது: 5 நிமிடம். ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்று கணக்கிட்டால் அந்த வரிசைக்கே 240 சதுர மீட்டர் தரை வேண்டும். பெரும்பாலான புறநகர் நிலைய முகப்புகளில் அவ்வளவு இடம் கிடையாது. வரிசை படிக்கட்டில் ஏறும், இல்லாவிட்டால் சாலையில் இறங்கும்.

எண்ணும்போது மணிக்கணக்குச் சராசரியை நம்பக் கூடாது. ஒரு பேருந்தோ இணைப்பு வண்டியோ வந்து நின்றால் ஒரே நிமிடத்தில் 150 பேர் கொட்டுவார்கள், அடுத்த மூன்று நிமிடம் வாசல் காலியாக இருக்கும். எனவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் தனித்தனியாக, குறைந்தது ஐந்து வேலை நாட்கள் எண்ணுங்கள். கையில் வைத்து அழுத்தும் எண்ணும் கருவி இரண்டு போதும்: ஒன்று தலைகளுக்கு, ஒன்று பைகளுக்கு. பிறகு மிக நெரிசலான ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

எக்ஸ்ரே பெல்ட் வைக்கலாமே என்பார்கள். அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். இத்தகைய பெல்ட்கள் பொதுவாக நொடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் ஓடும். நிமிடத்துக்கு 12 மீட்டர். பைக்கு அரை மீட்டர், இடைவெளிக்கு அரை மீட்டர் என்றால் தாளில் நிமிடத்துக்கு 12 பைகள். நடப்பில் திரையைப் பார்ப்பவர் பெல்ட்டை நிறுத்துவார், சின்னப் பை ஈயத் திரையில் சிக்கும், மறுமுனையில் எடுக்காத பைகள் குவியும். 8 என்று வைத்துத் திட்டமிடுவதே பத்திரம். நிமிடத்துக்கு 40 பைகள் வரும் வாசலுக்கு ஐந்து இயந்திரங்கள் வேண்டியிருக்கும்.

இந்த எண்ணிக்கைச் சிக்கலால்தான் நகரங்கள் வெவ்வேறு வழிகளில் பிரிந்தன. ஸ்பெயினில் 2004 மார்ச் 11 அன்று குண்டுகள் வெடித்தது மாட்ரிட்டின் புறநகர் ரயில்களில்தான். ஆனாலும் அங்கே அதிவேக நெடுந்தூர ரயில்களுக்குத்தான் பைகள் எக்ஸ்ரேயில் போகின்றன. புறநகர் ரயில்களில் மக்கள் நேராக ஏறுகிறார்கள். லண்டன் பாடிங்டன் நிலையத்தில் 2006 தொடக்கத்தில் விமான நிலைய பாணிச் சோதனையை ஒத்திகை பார்த்தார்கள். பிரிட்டனின் ரயில்களில் அது நிரந்தரமாகவில்லை. பெய்ஜிங் சுரங்க ரயிலிலோ 2008 ஒலிம்பிக்கை ஒட்டித் தொடங்கிய பை சோதனை பின்னர் நிலைத்துவிட்டது. டெல்லி மெட்ரோவிலும் எல்லோருக்கும் சோதனை உண்டு. எல்லோரையும் சோதிக்கும் ஊர்களில் பயணிகள் அதைத் தம் பயண நேரத்திலேயே சேர்த்துக் கணக்கிடப் பழகிவிடுகிறார்கள். சோதனையே இல்லாமல் பழகிய ஊரில் அதே 5 நிமிடத்தைக் கேட்டால் சண்டை வரும். எனவே பிற ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்கிறார்களே என்பது உங்கள் நிலையத்துக்கு ஆதாரம் ஆகாது.

இன்னொன்று. ‘இப்படிக் கூட்டமாக நிற்க வைப்பதே ஆபத்து இல்லையா?’ என்று பயணிகளில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அவர்கள் கேட்பது சரிதான். 2016 மார்ச் 22 அன்று பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் குண்டுகள் வெடித்தது, பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் மக்கள் பெட்டிகளோடு நிற்கும் புறப்பாட்டுக் கூடத்தில். சோதனை முனை கூட்டத்தைக் கலைக்க வேண்டும், சேர்க்கக் கூடாது. வரிசையை இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். நகரும் படிக்கட்டு முடியும் இடத்தில் ஒருபோதும் வரிசையை விடாதீர்கள். மேலே வருகிறவர்களுக்கு ஒதுங்க இடம் இருக்காது, ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள்.

எத்தனையில் ஒருவர்?

எல்லோரையும் சோதிக்க முடியாத நிலையத்தில் எண் வைத்துத் தேர்வு செய்வதே வழி. அந்த எண்ணைக் கணக்கிடும் முறை இது.

ஒரு பையைத் திறந்து பார்த்து மூட 40 நொடி ஆகும் என்று கொள்ளுங்கள். ஒரு மேசைக்கு நிமிடத்துக்கு ஒன்றரைப் பை. இரண்டு மேசைக்கு மூன்று. வாசலில் நிமிடத்துக்கு 45 பைகள் வந்தால் 15-க்கு 1 என்று எடுத்தால் மேசைகள் முழுக்க நிறைந்துவிடும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். முழுக் கொள்ளளவில் ஓடும் மேசையில் ஒரு பெரிய பை வந்தாலே பின்னால் தேங்கும். தேங்கியது காலை முழுக்கத் தீராது. கொள்ளளவில் முக்கால் பங்கைத் தாண்டாதீர்கள். இந்தக் கணக்கில் 20-க்கு 1 சரியான எண்.

எண்ணை மேற்பார்வையாளர் பணி தொடங்குவதற்கு முன்பே எழுதித் தரவேண்டும். மணிக்கொரு முறை மாற்றலாம். வாசலில் நிற்கும் காவலர் மாற்றக் கூடாது. ‘அவரை விட்டுவிடலாம், இவரைப் பார்க்கலாம்’ என்ற விருப்பம் ஒரு முறை நுழைந்தாலும் வரிசையில் நிற்கும் ஐம்பது பேருக்கு அது தெரிந்துவிடும். தோல் நிறம், உடை, தாடி, மொழி ஆகியவற்றைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள் என்ற பேச்சு பரவுவதற்கு ஒரு காலைப்பொழுதே அதிகம். அதற்குப் பிறகு ‘இல்லை, எண்படிதான்’ என்று அறிக்கை விட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். தேர்வு செய்யும் காவலர் எண்ணும் கருவியைக் கையில் எல்லோரும் பார்க்கும்படி பிடித்திருக்கட்டும். சின்ன விஷயம்தான், ஆனால் ‘ஏன் என்னை?’ என்ற கேள்வியைப் பாதியாகக் குறைக்கும் சின்ன விஷயம்.

மேசையில் மூன்று பேர் காத்திருந்தால் தேர்வை நிறுத்த வேண்டும். இதையும் எழுத்தில் வையுங்கள். நிறுத்தும் விதி எழுதப்படாவிட்டால் காவலர்கள் வேறு குறுக்குவழிக்குப் போவார்கள்: பையின் வாயைத் திறந்து பாராமலே ‘போங்க, போங்க’ என்பார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் பயணிக்குக் கண்துடைப்பு என்ற சொல் நாவில் வருவது அந்த நொடியில்தான்.

நியூயார்க் சுரங்க ரயிலில் 2005 ஜூலையில், லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, இப்படி எண் வைத்துப் பை பார்க்கத் தொடங்கினார்கள். வழக்கு வந்தது. 2006ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டபோது கவனித்த அம்சங்கள் எந்த ஊருக்கும் பயன்படும்: முன்னறிவிப்புப் பலகை உண்டு, விருப்பமில்லாதவர் திரும்பிப் போகலாம், பார்க்கும் நேரம் குறைவு, ஆபத்தான பொருளுக்காக மட்டுமே பார்க்கிறார்கள், தேர்வு காவலரின் விருப்பத்தில் இல்லை. சட்டம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் உங்கள் அதிகார வரம்பை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பயணியின் மனதில் ‘இது நியாயம்’ என்று பதியும் அம்சங்களும் ஏறத்தாழ இவையேதான்.

‘திரும்பிப் போய் அடுத்த வாசலில் நுழைந்துவிடலாமே, இதென்ன பாதுகாப்பு?’ என்று கேலி செய்வார்கள். நேர்மையான பதில்: எந்த வாசலில் எப்போது சோதனை இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாமல் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம். இதைச் சொல்லத் தயங்கி ‘முழுப் பாதுகாப்பு’ என்று பெருமை பேசினால் கேலிதான் வெல்லும்.

மேசை, பலகை, ஆட்கள்

மேசையை டிக்கெட் கேட்டுக்கு வெளியே போடுங்கள். கேட்டைத் தாண்டிய பிறகு சோதனை வைத்தால், மறுத்துத் திரும்புகிறவர் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பார்; பாதுகாப்புப் பிரச்சினை பணப் பிரச்சினையாக மாறிக் கவுண்டரில் போய் நிற்கும்.

முன்னறிவிப்புப் பலகை மேசைக்குப் பத்து மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். அந்தத் தூரத்திலிருந்தே படிக்க எழுத்து 5 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். மேசையிலேயே பலகையை மாட்டினால், அதைப் படித்துவிட்டுத் திரும்புகிறவரைக் காவலர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அவருக்கோ வேறு வழி இருந்ததில்லை. பலகையில் நான்கு வரி போதும்:

பை சோதனை நடக்கிறது.
எண்ணிக்கைப்படி சிலரின் பைகள் மட்டும் பார்க்கப்படும்.
ஒரு நிமிடத்துக்குள் முடியும்.
விருப்பமில்லாதவர்கள் இங்கேயே திரும்பிச் செல்லலாம்.

நான்காவது வரியை எழுதச் சட்டம் இடம் தந்தால் மட்டும் எழுதுங்கள். எழுதினால் அதன்படி நடங்கள்.

மேசை உயரம் 85 முதல் 90 சென்டிமீட்டர். சக்கர நாற்காலியில் வருகிறவருக்காக ஒன்று 75 சென்டிமீட்டரில் இருக்கட்டும். மேசைக்கும் போகிற கூட்டத்துக்கும் இடையே ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு தடுப்பு வையுங்கள். பையில் இருப்பது சாப்பாட்டு டப்பாவாக இருக்கலாம், மருந்துச் சீட்டாக இருக்கலாம், உள்ளாடையாக இருக்கலாம். ஊர் பார்க்க அதை எடுத்து வைப்பதுதான் அவமானம். இந்தத் தடுப்பு இல்லாத இடங்களில் வரும் புகார்களில் ‘தாமதம்’ என்ற சொல்லைவிட ‘கேவலம்’ என்ற சொல்லே அதிகம் வரும்.

இரண்டு மேசைக்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும்: பை பார்ப்பவர் இருவர், எண்ணித் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், வரிசையில் நின்று வழி சொல்பவர் ஒருவர், மேற்பார்வையாளர் ஒருவர். பை பார்ப்பவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஆள் குறையும்போது முதலில் எடுக்கப்படுவது வழி சொல்பவர். எடுக்கக் கூடாதவரும் அவரே. பயணிகளின் கேள்விகளுக்கு வாய் திறந்து பதில் சொல்பவர் அவர் ஒருவர்தான். அவர் இல்லாவிட்டால் பை பார்ப்பவர் பதில் சொல்ல நிமிர்வார், 40 நொடி 70 ஆகும்.

என்ன பேசுவது

தொடக்கம்: “வணக்கம். ஒவ்வொரு இருபதாவது பையையும் பார்க்கிறோம். ஒரு நிமிடம் ஆகாது. பையை நீங்களே திறந்து காட்டுங்கள்.” முடிவு: “நன்றி, போகலாம்.” பையை உரிமையாளரே திறப்பது முக்கியம். பொருள் காணாமல் போனது, ஜிப் உடைந்தது என்ற தகராறுகள் இதனாலேயே நின்றுபோகும். கையுறை போட்டிருந்தாலும் உள்ளே கை விடுவதற்கு முன் கேட்க வேண்டும்.

“ஏன் நான்?” என்றால்: “எண்ணிக்கையில் உங்கள் முறை வந்தது.” கருவியைக் காட்டலாம். “நேற்று இல்லையே, இன்று என்ன?” என்றால், உண்மையாக இருக்கும் பட்சத்தில்: “குறிப்பிட்ட மிரட்டல் எதுவும் இல்லை. இடத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றிச் செய்கிறோம்.” உண்மையில் மிரட்டல் இருந்தால் என்ன சொல்வது என்பதை மேலிடம் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும், வாசலில் நிற்பவர் தாமாக எதையும் ஊகித்துச் சொல்லக் கூடாது. ‘வழக்கமான சோதனைதான்’ என்ற வாக்கியத்தை முதல் நாளில் யாரும் சொல்லாதீர்கள். தினமும் அதே வழியில் வருகிறவருக்கு அது பொய் என்று தெரியும்.

பைக்குள் இருப்பதைப் பற்றிக் கருத்து, நகைச்சுவை எதுவும் வேண்டாம். சீருடை போட்டவர் அடிக்கும் ஜோக்குக்கு எதிரே நிற்பவர் சிரித்தாலும் அது சிரிப்பல்ல.

சில பயணிகளுக்குத் தனிக் கவனம் தேவை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் மீது கையடக்க மெட்டல் டிடெக்டரை நெஞ்சருகே பிடித்து வைக்கக் கூடாது, கையால் சோதிக்கட்டும். இன்சுலின் பம்ப் வைத்திருப்பவரும் அப்படியே. தலை மூடும் துணியைக் கழற்ற வேண்டியிருந்தால் தனியறையும் பெண் காவலரும் வேண்டும். பார்வையற்றவரிடம், தொடுவதற்கு முன் யார் பேசுகிறார்கள், என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயில் போன சாப்பாட்டைச் சாப்பிடலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். சாப்பிடலாம், எக்ஸ்ரே பட்ட பொருளில் கதிர்வீச்சு தங்குவதில்லை. இதைப் பெல்ட்டின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டால் ஒரு நாளைக்கு நூறு பதில் மிச்சம்.

பீப் சத்தமும் நம்பிக்கையும்

நடந்து போகும் மெட்டல் டிடெக்டரில் எல்லோருக்கும் பீப் அடிக்கிறது; காவலர் எல்லோரையும் கையசைத்து அனுப்புகிறார். இந்தக் காட்சியை ஒரு பயணி மூன்று நாள் பார்த்தால் போதும், அந்த வாசலில் எதை வைத்தாலும் நம்ப மாட்டார். கருவியே இல்லாத வாசலைவிட இது மோசம். ஒன்று, பீப் அடித்த ஒவ்வொருவரையும் பார்க்க ஆள் வையுங்கள். அல்லது சாவி, நாணயத்துக்கு அடிக்காத அளவுக்கு உணர்திறனைக் குறையுங்கள். இரண்டும் முடியாவிட்டால் கருவியை எடுத்துவிடுங்கள். டிடெக்டரின் கதவுச் சட்டகம் நகரும் படிக்கட்டுக்கோ இரும்புத் தூணுக்கோ மிக அருகில் இருந்தாலும், ஆடும் தரையில் நின்றாலும் ஆளே இல்லாமல் அடிக்கும். உணர்திறனைத் திருகுவதற்கு முன் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

ஆயுதத்தை மட்டும் கண்டுபிடிக்கும் என்று விற்கப்படும் புதிய ஸ்கேனர்களுக்கும் இதே கணக்குத்தான். நியூயார்க்கில் 2024 கோடையில் 20 நிலையங்களில் ஒரு மாதம் ஒத்திகை பார்த்தார்கள். 2,749 ஸ்கேன்களில் 118 தவறான எச்சரிக்கை. 12 கத்திகள் அகப்பட்டன. துப்பாக்கி ஒன்றும் இல்லை. நூற்றுக்கு நாலேகால் தவறு என்பது தாளில் சின்ன எண். மணிக்கு 6,000 பேர் நுழையும் வாசலில் அது 258 பேரை ஓரங்கட்டும். அந்த 258 பேரும் அன்று ஆபீஸில் போய் என்ன சொல்வார்கள் என்பதையும் கொள்முதல் கணக்கில் சேருங்கள்.

எக்ஸ்ரே திரையைப் பார்ப்பவரை 20 நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். திரையைப் பார்க்காமல் கைபேசி பார்க்கும் காவலரின் படம் ஒன்று வெளியே போனால், மாதக்கணக்கில் கட்டிய நம்பிக்கை ஒரே பகிர்வில் போய்விடும்.

துப்பாக்கி, நாய், கேமரா, குப்பைத்தொட்டி

நீளத் துப்பாக்கியோடு நிற்பவரைப் பார்த்து ஒருவர் நிம்மதி அடைவார், அடுத்தவர் ‘இங்கே என்ன ஆபத்து?’ என்று நடையை வேகமாக்குவார். இரண்டும் இயல்பு. பழகிய அளவைவிடத் திடீரென்று கூடுவதுதான் பயமுறுத்தும். எண்ணிக்கையை மெல்லக் கூட்டினால் அந்த அதிர்ச்சி குறையும். நியூயார்க் ஆளுநர் 2024 மார்ச்சில் 750 தேசியக் காவல் படையினரைச் சுரங்க ரயிலுக்கு அனுப்பினார். பை சோதனை மேசையில் நீளத் துப்பாக்கி எதற்கு என்று எதிர்ப்பு வந்ததும், ஓரிரு நாளிலேயே அந்த இடங்களில் அது வேண்டாம் என்று உத்தரவானது. பயணியிடம் பேச வேண்டிய இடத்தில் பெரிய ஆயுதம் வேண்டாம். ஆயுதப் பிரிவு வேண்டுமென்றால் இருவர் இருவராக, கூடத்தின் ஓரத்தில், வழியை அடைக்காமல், துப்பாக்கி முனை தரையைப் பார்க்க நிற்கட்டும். 2005 ஜூலை 22 அன்று லண்டன் ஸ்டாக்வெல் நிலையத்தில், தவறாக அடையாளம் காணப்பட்ட குற்றமற்ற ஒருவரைப் போலீசார் சுட்டுக் கொன்றதை நினைவில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கியைப் பார்த்து ஒதுங்குகிறவர் எல்லோரும் எதையோ மறைக்கிறவர் அல்ல.

மோப்ப நாயைக் கூட்டம் பொதுவாக விரும்பும்; அதுவே தொல்லையும் ஆகும். தடவிக் கொடுக்க வருகிறவர்கள் அதன் கவனத்தைக் கெடுப்பார்கள். நாயைக் கண்டு நடுங்குகிறவர்களும், மத வழக்கத்தால் தொடுதலைத் தவிர்ப்பவர்களும் இருப்பார்கள். பாதையின் ஒரு பக்கத்தில் நாய் வேலை செய்தால் மறுபக்கம் ஒன்றரை மீட்டர் அகலமாவது விடுங்கள். அப்படி விலகி நடப்பதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று குழுவுக்குச் சொல்லிவையுங்கள். கண்டுபிடித்ததும் குரைக்காமல் உட்கார்ந்து காட்டும் நாய்தான் நிலையத்துக்கு ஏற்றது. வெயிலிலும் நெரிசலிலும் அதன் மூக்கு வெகுநேரம் தாங்காது. முறை வைத்து ஓய்வு கொடுங்கள்.

கேமரா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மக்கள் நம்புகிறார்கள். பார்ப்பவர் இல்லையென்றால் ‘கண்காணிக்கப்படுகிறது’ என்று எழுதாதீர்கள், ‘பதிவாகிறது’ என்று எழுதுங்கள். உதவி கேட்டுக் கூச்சலிட்டும் யாரும் வராமல் போனவரின் கோபம் கேமரா இல்லாத நிலையத்தில் வருவதைவிடப் பெரிது. பொம்மைக் கேமரா கூடவே கூடாது.

குப்பைத்தொட்டியை எடுப்பதும் கண்ணில் படும் பாதுகாப்புதான். லண்டன் விக்டோரியா நிலையத்தில் 1991 பிப்ரவரியில் குப்பைத்தொட்டியில் வைத்த குண்டு வெடித்து ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு நிலையங்களில் தொட்டிகள் மறைந்தன. காரணம் எழுதாமல் எடுத்தால் மக்கள் அதைச் சிக்கனம் என்றே நினைப்பார்கள், குப்பை நடைமேடையில் சேரும். வளையத்தில் தொங்கும் ஒளி ஊடுருவும் பை நல்ல மாற்று.

அனாதைப் பையும் அறிவிப்பும்

அனாதைப் பை ஒன்றுக்காக நிலையத்தை மூடுவது பயணிகளின் பொறுமையை மிக வேகமாகத் தின்னும். பிரிட்டிஷ் ரயில்வேயில் ஊழியர்கள் மூன்று கேள்வி கேட்டுப் பார்ப்பார்கள்: யாரோ வேண்டுமென்றே மறைத்து வைத்ததா? கம்பி, மின்கலம் போலப் பார்த்ததுமே சந்தேகம் தருகிறதா? அல்லது இந்த இடத்தில் வழக்கமாக மறந்துவிட்டுப் போகும் வகைதானா? இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் சாப்பாட்டுப் பை மூன்றாவது வகை. இந்தப் பயிற்சி இருந்தால் காரணமில்லாத மூடல்கள் குறையும். குறைந்தால், உண்மையில் மூடும்போது மக்கள் முணுமுணுக்காமல் நகர்வார்கள்.

பயணிகளைத் தகவல் சொல்லக் கேட்கும் அறிவிப்பில் மூன்றும் இருக்க வேண்டும்: எதைப் பார்த்தால் சொல்ல வேண்டும், யாரிடம் எந்த எண்ணில் சொல்ல வேண்டும், சொன்னால் என்ன நடக்கும். பிரிட்டனில் 2016 முதல் ஒலிக்கும் அறிவிப்பு இந்த மூன்றையும் அடக்கியது. குறுஞ்செய்தி அனுப்ப 61016 என்ற எண்ணையும் சொல்கிறது. ஆனால் ஓயாமல் ஒலிப்பதால் அதே அறிவிப்பு கேலிப்பொருளும் ஆனது. ஒரு பயணி நடைமேடையில் சராசரியாக ஆறு நிமிடம் நின்றால், அந்த ஆறு நிமிடத்தில் ஒரு முறை கேட்டால் போதும். 15 நொடிக்கு மேல் நீளக் கூடாது. வண்டி தாமத அறிவிப்பை அது முந்திக்கொள்ளக் கூடாது. அந்த நேரத்தில் வரும் பாதுகாப்பு வாசகம் எரிச்சலை மட்டுமே வளர்க்கும்.

அளந்து பார்ப்பது

புகார் வரவில்லை என்றால் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். புகார் எழுத நேரம் உள்ளவர் அந்த வரிசையில் கிடையாது. காலால் எதிர்க்கிறவர்கள்தான் அதிகம்: பக்கத்து வாசலுக்குப் போவார்கள், அடுத்த நிலையத்தில் ஏறுவார்கள், பையை விட்டுவிட்டு வருவார்கள். ஆகவே வாய்ச்சொல்லுக்கு முன் நடத்தையை எண்ணுங்கள்.

சோதனை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே அடிப்படை அளவு எடுக்க வேண்டும். பிறகு முதல் வாரம், நான்காம் வாரம், பன்னிரண்டாம் வாரம். ஒவ்வொரு முறையும் அதே வாசல், அதே கிழமை, அதே நேரம். எண்ண வேண்டியவை: வாசல்வாரியாக நுழைவோர், பலகையைப் பார்த்துத் திரும்பியவர், தேர்வானபின் மறுத்தவர், வரிசையில் சேர்ந்து வெளியேறும் வரை ஆன நொடிகள். கடைசி அளவுக்கு, அரை மணிக்கு ஒரு முறை ஒரு வண்ண அட்டையை வரிசையின் கடைசி ஆளிடம் கொடுத்து முன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். இரு முனையிலும் நேரம் குறித்தால் போதும்.

முதல் வார எண்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். புதுமையின் பரபரப்பு, எரிச்சல், வேடிக்கை எல்லாம் அதில் கலந்திருக்கும். நான்காம் வாரத்தில்தான் உண்மை தெரியும். பன்னிரண்டாம் வாரத்தில் வேறொரு சிக்கல்: எல்லோரும் பழகிப்போய் மேசையைப் பார்ப்பதே இல்லை. அப்போது எதிர்ப்பும் இருக்காது, நிம்மதியும் இருக்காது.

பிறகு கேள்வித்தாள். மொத்தத்தில் எத்தனை சதவீதம் ஏற்கிறார்கள் என்று 5 சதவீதப் புள்ளி கூடக்குறையத் தெரிந்தால் போதுமென்றால் 385 பேர். முன்னும் பின்னும் ஒப்பிட்டு 10 புள்ளி மாற்றத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் 400 பேராவது வேண்டும். ஆண் பெண், வயது என்று பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டால் ஒவ்வொரு பிரிவிலும் அத்தனை பேர் வேண்டும். 40 பேரை வைத்துக்கொண்டு ‘முதியோர் விரும்புகிறார்கள்’ என்று எழுதக் கூடாது. வெளியே வருகிறவர்களில் பத்துக்கு ஒருவரைக் கேளுங்கள், மறுத்தவரையும் எண்ணில் சேருங்கள். நின்று பேசத் தயாராக இருப்பவரையே தேடிப் போனால் அவசரம் இல்லாதவர்களின் கருத்து மட்டுமே கிடைக்கும். அவர்கள்தான் சோதனையால் கஷ்டப்படாதவர்கள்.

கேட்பவர் சீருடையில் இருக்கக் கூடாது. மேசைக்கு அருகிலும் கேட்கக் கூடாது. இறங்கும் நிலையத்தில் கேளுங்கள். கேள்விகளின் வரிசையும் முக்கியம். ‘பயங்கரவாதத்தைத் தடுக்கச் சோதனை தேவையா?’ என்று தொடங்கினால் கிட்டத்தட்ட எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த ஆட்டலுக்கு மதிப்பு இல்லை. இப்படிக் கேட்கலாம்:

இன்று நுழையும்போது என்ன கவனித்தீர்கள்? (எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.)
எவ்வளவு நேரம் நின்றீர்கள்?
ஏன் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?
ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?
உங்களிடம் பேசிய விதம் எப்படி?
இதே நேரம் தினமும் ஆனால் இந்த வாசலையே பயன்படுத்துவீர்களா?

இரண்டாம் கேள்வியின் பதிலை வண்ண அட்டை நேரத்தோடு வைத்துப் பாருங்கள். 2 நிமிடம் நின்றவர்கள் 5 என்று சொன்னால், கூடுதல் மூன்று நிமிடத்தை உண்டாக்கியது கருவி அல்ல, காரணம் சொல்லாமல் நிற்க வைத்தது. பலகையையும் வழி சொல்பவரையும் சரிசெய்தால் இந்த இடைவெளி சுருங்கும். ஒரு இயந்திரமும் வாங்க வேண்டாம். நான்காம் கேள்வியில் ‘ஆளைப் பார்த்து’ என்ற பதில் கூடினால் அன்றே தேர்வு முறையைத் தணிக்கை செய்யுங்கள். ‘பாதுகாப்பாக உணர்கிறீர்களா?’, ‘கவலையாக இருக்கிறதா?’ என்ற இரண்டையும் கேட்க விரும்பினால் தனித்தனியாக, கடைசியில் கேளுங்கள். ஒரே ஆள் இரண்டுக்கும் ஆம் என்பார், அதில் முரண் இல்லை.

எடுக்கும் நாள்

வைக்கும்போதே எடுக்கும் தேதியையோ மறுபரிசீலனைத் தேதியையோ எழுதிவையுங்கள். தேதி இல்லாத ஏற்பாட்டை எடுக்க யாருக்கும் துணிவு வராது; ஆள் குறையக் குறைய அது காலி மேசையாகவும் அணைந்த ஸ்கேனராகவும் வாசலில் கிடக்கும். எடுக்கும்போது பயணிகளில் ஒரு சாரார் ‘ஏன் எடுத்தீர்கள்?’ என்று கேட்பார்கள். வைத்தபோது எதிர்த்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். பலகையை ஒரு வாரம் விட்டுவைத்து, வாசகத்தை மட்டும் மாற்றுங்கள்: ‘இந்த வாசலில் சோதனை முடிந்தது. வேறு வாசல்களில் வேறு நேரங்களில் நடக்கும்.’ தரையில் ஒட்டிய வரிசைக் கோடுகளை அன்றே உரித்துவிடுங்கள். விட்டுவைத்தால் மாதக்கணக்கில் சிலர் அந்தக் கோட்டிலேயே நடந்துகொண்டிருப்பார்கள்.